பட்டியில ஏர்த் எடுக்காது

தம்பிமாரே, கார்ல பாட்டுச் செட் பூட்டுற வேலைக்குப் புதுசா வந்திரிக்கிற நீங்க என்ட அனுபவத்தச் சொல்லச் சொல்லிக் கேட்டிரிக்கீங்க. எத்தின வாட், என்ன மொத்தத்துல கம்பி, எந்தப் பெட்டிக்கு எந்த ஸ்பீக்கர் எண்டெல்லாம் சொல்லுவன் எண்டு நினைச்சிரிப்பீங்க. அதெல்லாம் சாமானோட வாற புத்தகத்துல கிடக்கு. நீங்க வாசிக்க மாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும், ஆனாலும் கிடக்கு. நான் கதைக்கப் போறது கறுப்புக் கம்பியப் பத்தி.

சிவப்புக் கம்பிக்கு எல்லாரும் மரியாத. பெட்டரியில இருந்து, சத்தத்தப் பெருக்கிற அம்ப் வரைக்கும் அத மாப்பிள்ளயக் கூட்டிட்டுப் போற மாதிரிப் பதனமாக் கொண்டு போவீங்க. கறுப்புக் கம்பிய எண்டா, கிட்டக் கிடக்கிற தகரத்துல ஒரு ஸ்க்ரூவ முறுக்கி விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவீங்க. இல்லெண்டு சொல்லாதீங்க. நானும் அப்படிப் போனவன்தான்.

நான் வேல பழகினது பாண்டிருப்புல ஒரு பாஸ்கிட்ட. கைவேல தெரிஞ்சவர நம்மட பக்கம் பாஸ் எண்டுதானே சொல்றது. கோபம் வந்தா அந்த மனிசன் சத்தம் போட மாட்டாரு, சுருட்டப் பத்த வைப்பாரு. நான் தனியாப் பூட்டின முதலாவது அம்ப், மருதமுனையில சாரன் யாவாரம் செஞ்ச ஒரு ஆள்ர வேனுக்கு. பெட்டரி ஓரத்துல பியூஸ் போடணும் எண்டு தெரியும். கையில பியூஸ் இல்ல. நாளைக்குப் போடுவம் எண்டு சிவப்புக் கம்பிய நேரா இழுத்து விட்டன். அடுத்த நாள், எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இரிக்கிற ஓட்டயில அந்தக் கம்பி உரசி, தோல் கழண்டு, கடற்கரைப் பள்ளிவாசலுக்குப் போற றோட்டுல வேன் புகைஞ்சிது. பாஸ் ஓடிப் போய் பெட்டரித் தலைய வெறுங்கையால புடுங்கினாரு. ஆளுக்கு ஒண்டுமில்ல, வேனுக்கும் பெரிசா ஒண்டுமில்ல. மறுகா சுருட்டப் பத்த வச்சிட்டுச் சொன்னாரு:

"தம்பி, சிவப்பு எண்டது போற வழி. கறுப்பு எண்டது வீட்ட வாற வழி. போறவனுக்கு வாசல்லயே காவல் வைக்கணும். வாறவனுக்குப் பாதைய அகலமா வெட்டி வைக்கணும்."

காவல் எண்டது பியூஸ். அந்தப் பாதி எனக்கு அண்டைக்கே விளங்கிப் போயிட்டுது. மத்தப் பாதி விளங்க எனக்கு ஏழெட்டு வருசம் எடுத்திச்சு. அதுவும் ஆதம்லெவ்வை மாமாட கார் வந்த பொறகுதான்.

ஆதம்லெவ்வை மாமா சாய்ந்தமருது ஆள். பட்டிக்காரர். மாடு அடைக்கிற இடத்தப் பட்டி எண்டுவம், மாட்டுக் கூட்டத்தயும் பட்டி எண்டுவம். அவர்ர பட்டி பெரிசு. வயல் வெட்டின காலத்துல வீரமுனைப் பக்கம் அவர்ர மாடு மேய்ஞ்சா வெள்ளயா ஒரு கரையே தெரியும். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒவ்வொரு பேர். பேரச் சொல்லிக் கூப்பிட்டா அதுகள் திரும்பிப் பாக்கும் எண்டு அவர் சத்தியம் பண்ணுவாரு. அப்பிடிப்பட்ட மனிசன் தொண்ணூறுகள்ற நடுவுல ஒரு செவ்வாக்கிழம, மயில் நீலத்துல பளபளக்கிற ஒரு கார்ல வந்து என்ட கடை வாசல்ல இறங்கினாரு.

"என்ன மாமா, கார்? பட்டி எங்க?" எண்டு பகிடிக்குக் கேட்டன்.

"பட்டிதான் தம்பி இது" எண்டாரு. "கடசிக் கண்டுக்குட்டி வரைக்கும் வித்துட்டன். வித்துத்தான் இத வாங்கின."

எனக்குச் சிரிப்பு நிண்டு போச்சு. அவர் தோள்ல கிடந்த சால்வையால முகத்தத் துடைச்சிட்டு விசயத்தச் சொன்னாரு. வெள்ளிக்கிழம அவர்ர மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ள நஸீர், நம்மட கல்முனைக்குடிப் பொடியன், சவூதியில சுப்பர்வைசர். மகள் தகப்பன்கிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டுதானாம்: "வாப்பா, எனக்கு நகை கூடவும் வேணா, வீடு பெரிசாவும் வேணா. கலியாணம் முடிச்சிட்டுக் கடிதம் எழுதுற மாப்பிள்ள மட்டும் வேணா." சின்ன வயசுல இருந்து அந்தப் புள்ளைட கூட்டாளிமார் எல்லாரும் வெளிநாட்டுக் கடிதத்துக்குத் தபால்காரன எதிர்பாத்து நிண்டதக் கண்டிரிக்கா. ஆனா அமைஞ்சது சவூதி மாப்பிள்ள. நல்ல பொடியன், விடவும் மனசில்ல. அப்ப அவன இஞ்ச நிக்க வைக்க ஒரு தொழில் வேணும்தானே? இந்தக் கார வாடகைக்கு ஹயர் ஓடட்டும், ரெண்டு பேரும் ஊரோட இரிக்கட்டும் எண்டு மனிசன் உசிருக்கு உசிரான மாட்டயெல்லாம் வித்துட்டாரு.

நஸீரும் கூட வந்திரிந்தான். மெலிஞ்ச உசரமான ஆள், கறுப்புக் கண்ணாடி, முழங்கைக்குக் கீழ சின்னச் சின்னத் தழும்பு. சவூதி வெயில் செஞ்ச வேல எண்டு நினைச்சன். அவன் ஒரு பெட்டியத் திறந்து காட்டினான். உள்ள ஒரு அம்ப், தம்பிமாரே! அந்தக் காலத்துல கல்முனையில அப்படி ஒண்ட நான் கண்டதில்ல. கைக்கு அடங்காத பாரம். கூடவே டிக்கிக்குள்ள வைக்கிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி.

"காக்கா, வெள்ளிக்கிழம இதுல பாட்டுப் போட்டுக்கிட்டுத்தான் நான் பொண்ணு வீட்ட போகணும்" எண்டு அண்ணன் முறை வச்சுச் சொன்னான்.

நம்மட ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பொண்ணு மாப்பிள்ள வீட்ட போறதில்ல. மாப்பிள்ளதான் கூட்டத்தோட, பாட்டோட பொண்ணு வீட்ட போய், அங்கயே குடியிரிக்கிற. அதால அந்தப் பயணத்துக்கு ஒரு எடுப்பு வேணும்.

"கார்ல ஒரு கீறல் விழப்படா தம்பி, புதுப் பெயின்ட்" எண்டு மாமா மூணு தரம் சொன்னாரு. அந்த மூணு தரம்தான் என்னக் கெடுத்திச்சு.

ஏர்த் எண்டா என்ன? கார்ர பொடி, அதான் உடம்பு, முழுக்க இரும்பு. அதால கரண்டு பெட்டரிக்குத் திரும்பி வாற வழியா அந்த இரும்பையே பாவிக்கிறம். அதுக்கு, கம்பி கட்டுற இடத்துல பெயின்டச் சுரண்டி, வெள்ளி மாதிரி இரும்பு தெரிஞ்ச பொறகுதான் ஸ்க்ரூ அடிக்கணும். நான் சுரண்டல்ல. கீறப்படா எண்டாரே! டிக்கிக்குள்ள காப்பெட்டத் தூக்கிட்டு ஸ்க்ரூவ நேரா முறுக்கினன். தகரத்தக் கடிக்கிறது கைக்குத் தெரிஞ்சிது. டெஸ்ட் பல்ப வச்சுப் பாத்தன், மங்கலா எரிஞ்சிது. எரியுதுதானே, போதும் எண்டு விட்டுட்டன். சின்ன பல்ப எரிய வைக்கிறதுக்கு ஒரு நூல் அளவு தொடுப்பு போதும், அம்ப் இழுக்கிற பாரத்துக்குப் போதாது எண்டது எனக்குத் தெரியாத விசயமில்ல. அவசரத்துல மறந்த விசயம்.

பின்னேரம் நஸீர்ர கூட்டாளிமார் பத்துப் பதினைஞ்சு பேர் வந்து சுத்தி நிண்டாங்க. கெசட்டப் போட்டு, சத்தத்தக் கூட்டினன். பாட்டுல முதல் றபான் மேள அடி விழக்குள்ள ஆக்கள் "ஆ!" எண்டாங்க. ரெண்டாவது அடிக்குச் சத்தம் இழுபட்டுது. மூணாவதுக்கு, முன்னால இரிக்கிற கெசட் செட்டுக்குப் பின்னால இருந்து புகை வந்திச்சு. டிக்கியில இருந்து திரும்பி வர வழியில்லாம, கரண்டு பாட்டுக் கொண்டு போற மெல்லிய வயரால திரும்பி ஓடியிரிக்கி. பாட்டு வயர் வெந்து, செட்டும் உள்ளுக்குள்ள கருகிட்டுது. நிண்ட ஆக்கள் எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க.

இப்ப நான் சொல்றத வெக்கத்தோடதான் சொல்றன். அத்தின பேர்ர முகத்தயும் பாத்தவுடன என்ட வாய் என்னக் கேக்காமலே கதைச்சிட்டுது.

"சாமான் சரியில்ல மனே. டூப்ளிகேட்டத் தந்து ஏமாத்தியிரிக்கான்."

நஸீர் கறுப்புக் கண்ணாடியக் கழட்டினான். "அங்க கடையில போட்டுப் பாத்துத்தான் காக்கா வாங்கின" எண்டான். சண்டைக்குச் சொல்லல்ல. சின்னப் புள்ள மாதிரிச் சொன்னான். ஒரு கூட்டாளி சிரிச்சான். நான் தலையக் குனிஞ்சு, காலையில வேற வழி பாக்கிறன் எண்டு அனுப்பி விட்டன்.

புதன்கிழம வெள்ளணக் காலையிலயே கடையத் திறந்தன். எனக்குச் சந்தேகம் என்ட வேலயிலதான். பெட்டரிட நெகட்டிவ்ல இருந்து ஒரு தடிச்ச கறுப்புக் கம்பிய, கார்ர பொடியத் தொடாம, நேரா டிக்கி வரைக்கும் இழுத்துக் கட்டினன். வேற ஒரு செட்டப் பூட்டி, கெசட்டப் போட்டன். யா அல்லாஹ்! தேன் மாதிரிப் படிச்சிது. அம்ப்ல ஒரு குத்தமும் இல்ல.

கவனமாக் கேளுங்க, இந்த இடத்துலதான் என்ட வேல முடிஞ்சிது. அப்படிக் கம்பி இழுக்கிறது களவு வேல இல்ல, நல்ல வேல. இண்டைக்கும் நானே அப்படிச் செய்யச் சொல்லுவன். காப்பெட்ட விரிச்சு, டிக்கியச் சாத்தி, சாவியக் குடுத்தா எல்லாரும் சந்தோசமாப் போயிரிப்பாங்க. ஆனா ஒரு குடைச்சல். இவ்வளவு பெரிய கார்ல ஏன் அந்த ஸ்க்ரூ ஏர்த் எடுக்கல்ல? ஸ்க்ரூவக் கழட்டிப் பாத்தன். நுனியில வெள்ள மா.

அது பட்டி. மாட்டுப் பட்டி இல்ல, மத்தப் பட்டி. கார்ல நெளிவு ஓட்டைய அடைச்சுத் தேய்ச்சு, மேல பெயின்ட் அடிக்கிற பசை. காஞ்சாக் கல்லு மாதிரி நிக்கும், ஆனா அதுல கரண்டும் போகாது, பாரமும் தாங்காது. நம்மட கடல் காத்துல இரும்பு என்ன பாடு படும் எண்டு உங்களுக்குத் தெரியும். கரையோரத்துல ஓடின கார் எண்டா கொஞ்சம் பட்டி இரிக்கத்தான் செய்யும். ஆனா இதச் சுரண்டச் சுரண்டப் பட்டிதான் வந்திச்சு. பட்டிக்குக் கீழ நாலா மடிச்ச பேப்பர், அதுல ஒரு பெருநாள் வாழ்த்து விளம்பரம். பேப்பருக்குக் கீழ வெட்டித் தட்டின ஒரு தகரம். ஸ்க்ரூ கடிச்சது அந்தத் தகரத்தத்தான். தகரத்தச் சுத்தி இரும்பே இல்ல, துருத்தூள்தான். பின் ஸ்ப்ரிங் பிடிக்கிற இடத்த ஸ்க்ரூட்ரைவரால குத்தினன். ஸ்க்ரூட்ரைவர் அடுத்த பக்கத்தால வந்திச்சு.

அந்தத் தகரத்த நெம்பி எடுத்துத் திருப்பிப் பாத்தா, சிவப்பு நகப்பூச்சுல வடிவான எழுத்து: சீனி.

சிரிக்காதீங்க. எனக்கு அந்த எழுத்தத் தெரியும். அது என்ட பொஞ்சாதிட எழுத்து. எங்கட குசினியில மூணு பால்மா டின் இரிந்திச்சு: சீனி, தேயில, மல்லி. சீனி டின் காணாமப் போய் மூணு மாசம். பக்கத்து வீட்டாரோட அவ அதுக்காகக் கதைக்காம விட்டே ஒரு மாசம்.

மூணு மாசத்துக்கு முந்தி ஒரு தரகர் ஒரு பழைய கார அடுத்த கராஜில விட்டிட்டுப் போனதும் எனக்கு ஞாபகம் வந்திச்சு. அது தகரம் தட்டி ஒட்டுற டிங்கரிங் கராஜ். அத வச்சிரிக்கிறது சலீம் மச்சான், என்ட பொஞ்சாதிட மூத்த காக்கா. நானும் ஊர் வழக்கத்துப்படி மாப்பிள்ளயாப் போனவன்தானே. என்ட கடை நிக்கிற வளவும் அவங்கட வாப்பாட வளவுதான்.

டின் துண்டோட போய் மச்சானுக்கு முன்னால நிண்டன். அவர் பாத்தாரு. "அட, அந்தக் காரா?" எண்டாரு.

"மச்சான், இது ஹயர் ஓடப் போற கார். ஆறு பேர ஏத்திக்கிட்டு ஒரு பள்ளத்துல விழுந்தா பின் சில்லு தனியாப் போகும்."

"தரகர் பாக்க வடிவாச் செஞ்சு தரச் சொன்னான், வடிவாச் செஞ்சன். ஆரு வாங்குவான் எண்டு எனக்கென்ன தெரியும்?" எண்டுட்டுக் குரலத் தணிச்சாரு. "நீ நெகட்டிவ்வ நேரா இழுத்து விடன் மச்சான். பாட்டுப் படிக்கும். கலியாணம் முடியட்டும். இப்ப வாயத் திறந்தா அந்தப் புள்ளைட கலியாணமும் கெடும், என்ட பேரும் கெடும். நாம ஒரு வளவுல இரிக்கிற ஆக்கள்."

வளவு எண்ட சொல்ல அவர் அழுத்திச் சொல்லல்ல. ஆனா எனக்கு அழுத்தமாத்தான் கேட்டிச்சு. உண்மையாச் சொன்னா நான் பயந்துட்டன். திரும்பி வந்து டிக்கிக்குப் பக்கத்துல குந்திட்டன். பாட்டு இன்னும் தேனாப் படிச்சிட்டிரிந்திச்சு. மூடி விடுவமா எண்டு யோசிச்சன். நல்லா யோசிச்சன்.

அந்த நேரம் பாத்து என்ட பொஞ்சாதி டீயோட வந்தா. கண் நேர என்ட கைக்குப் போச்சு.

"இஞ்சேருங்க, இது என்ட சீனி டின்!"

விசயத்தச் சொன்னன். கேட்டு முடியிறதுக்குள்ள டீய பொனட்டுல வச்சிட்டு, முந்தானைய இழுத்துத் தலையில போட்டுக்கிட்டு கராஜ்க்கு நடந்தா. நான் பின்னால ஓடினன்.

"காக்கா, ஒரு குமர்ப் புள்ளைட வாழ்க்கையில ஒட்டுறதுக்கா நீங்க என்ட டின்னக் களவெடுத்தீங்க?"

சலீம் மச்சான் சுத்தியலக் கீழ வச்சாரு. அந்த மனிசன் ஆருக்கும் பயப்பட மாட்டாரு, தங்கச்சியத் தவிர. அவ என்ட பக்கம் திரும்பினா. "நீங்க என்ன நிக்கிறீங்க? போய்ச் சொல்லிட்டு வாங்க. வளவு வாப்பாட வளவு. என்னயும் வாப்பாதானே பெத்த."

சாய்ந்தமருதுக்குப் போனன். வீட்டு வாசல்ல பந்தல் போட்டுட்டிரிந்தாங்க. ஆதம்லெவ்வை மாமாவ ஓரமாக் கூப்பிட்டு, சுத்தி வளைக்காம சொல்லி, டின்னயும் காட்டினன். அவர் எழுத்தத் தடவிப் பாத்தாரு. மறுகா ஒரு சிரிப்புச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எனக்கு இண்டைக்கும் வேணா.

"பட்டியக் குடுத்துப் பட்டியத்தானே தம்பி வாங்கியிரிக்கன்."

அவர்ர கண் நிறைஞ்சிட்டுது. காருக்காக அழல்ல. மகள்கிட்ட என்ன சொல்றது எண்டுதான் கேட்டாரு. "தொழில் இல்லாட்டி அவன் திரும்பிப் போவான். போகாத எண்டு நான் எந்த வாயால சொல்ல?" நஸீர்கிட்ட நானே சொல்றன் எண்டு மட்டும் சொன்னன்.

பின்னேரம் நஸீர் கடைக்கு வந்தான். முதல்ல என்ட கடனத் தீத்தன்.

"மனே, உன்ட சாமான் சரியான சாமான். நேத்து ஆக்களுக்கு முன்னால நான் சொன்னது பொய். பிழை என்ட ஸ்க்ரூவில."

"அப்ப அம்ப் நல்லதா?" எண்டு முகமெல்லாம் சிரிச்சான். உலகமே இடிஞ்சு கிடக்கு, இவனுக்கு அம்ப்! மறுகா கார்ர கதையச் சொன்னன். சிரிப்புப் போயிட்டுது. டிக்கிக்குள்ள தலைய விட்டு, விரல் முட்டியால ஒவ்வொரு இடமாத் தட்டிக் கேட்டான். டொக், டொக். கீழ படுத்து, காரத் தாங்குற சேஸ் சட்டம் முழுக்கத் தடவினான். தடவின விதத்தப் பாத்து சலீம் மச்சான் கராஜ்ல இருந்து எழும்பி வந்தாரு. சுப்பர்வைசர்மார் அப்படித் தடவ மாட்டாங்க.

"இந்த ரெண்டு துண்டையும் வெட்டி எடுத்துட்டு, நல்ல தகரம் வச்சு வெல்டிங் அடிச்சாக் கார் நிக்கும்" எண்டான் நஸீர். "எஞ்சின் நல்லது. ஒரு கிழமை வேல."

"உனக்கெப்படித் தெரியும்?" எண்டு கேட்டன்.

கைத்தழும்ப ஒருக்காப் பாத்தான். "நான் சுப்பர்வைசர் இல்ல காக்கா. றியாத்ல ஒரு யாட்ல வெல்டிங் அடிக்கிறன். வீட்டுக்கு எழுதக்குள்ள ஒரு சொல்லுக் கூட்டி எழுதினன், அது ஊர் முழுக்கப் பரவிட்டுது. கலியாணப் பேச்சு வரக்குள்ள மறுத்துச் சொல்ல வெக்கமாப் போயிட்டுது." டிக்கியக் காட்டி, "நானும் பட்டி போட்ட ஆள்தான்" எண்டான்.

சலீம் மச்சான் உள்ள போய் வெல்டிங் காஸ் சிலிண்டர உருட்டிக்கிட்டு வந்தாரு.

அதுக்குப் பொறகு நஸீர் செஞ்சது லேசுப்பட்ட வேல இல்ல. என்னயும் கூட்டிக்கிட்டு அப்பவே சாய்ந்தமருதுக்குப் போய், மாமாக்கு முன்னால நிண்டு உண்மையச் சொன்னான். "கலியாணம் வேணாமெண்டா இப்பவே சொல்லுங்க மாமா" எண்டான். மாமா அவன ஏற இறங்கப் பாத்துட்டு உள்ள போனாரு. கதவுக்குப் பின்னால மகளோட கதைக்கிற சத்தம் மெல்லமாக் கேட்டிச்சு. மாமா வெளிய வந்து, "வெள்ளிக்கிழம அசர் தொழுகைக்குப் பொறகு, நேரத்துக்கு வாங்க மருமகன்" எண்டாரு. அவ்வளவுதான். உள்ள என்ன கதைச்சாங்க எண்டு ஆரும் கேக்கல்ல.

ஆனா காரு இல்லயே! கார்ர பின்பக்கம் முழுக்க வெட்டிக் கிடக்கு. மாப்பிள்ள எதுல போறது? மாமாதான் வழி சொன்னாரு: "மாட்டத்தானே வித்தன். ட்ரக்டர் கிடக்கு."

வெள்ளிக்கிழம காலையில ட்ரக்டர்ர சேத்தக் கழுவி, நெல்லு ஏத்துற பெட்டியில பாய் விரிச்சு, கடதாசிப் பூக் கட்டினாங்க. நான் அம்ப ட்ரக்டர் பெட்டரியில பூட்டினன். ஏர்த்துக்கு இடம் தேட வேணுமா? எங்க சுரண்டினாலும் இரும்பு. கம்பியக் கட்டி, பியூஸ் போட்டு, பல்ப நம்பாம கையால தொட்டுத் தொட்டுப் பாத்தன். மாப்பிள்ள நடுவுல கதிரையில, கூட்டாளிமார் சுத்தி. நம்மட றோட்டுல அப்படி ஒரு சத்தம் அதுக்கு முந்திக் கேட்டதில்ல. "நெல்லுக்குப் பதிலா மாப்பிள்ளய ஏத்தியிரிக்காங்கடா!" எண்டு கடைக்காரங்கள் கத்தினாங்க. சென்றிப் பொயின்ட் காவலரண்ல ஆமிக்காரன் மறிச்சு, பெட்டியையும் கம்பியையும் கண்டு முழிச்சான். சண்டை நடக்கிற காலம், வெளியில கம்பி தெரியப் போனா குண்டு எண்டு நினைக்காம விடுவானா? நான் குதிச்சு இறங்கி ஒரு பாட்ட முழுசாப் போட்டுக் காட்டினன். கேட்டுட்டு, சத்தம் இன்னும் கூடுமா எண்டு கையால கேட்டான். கூட்டினன். போகச் சொன்னான்.

கலியாணம் முடிஞ்சு பத்து நாள் இரிக்கும். நஸீரும் சலீம் மச்சானும் சேந்து அடிச்சு முடிச்ச கார என்ட கடை வாசல்ல கொண்டாந்து விட்டாங்க. நஸீர்ர கையில ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பம். டிக்கியத் திறந்து காட்டினான். உள்ள பெயின்ட் அடிக்கல்ல, வெல்டிங் தையல் தையலாத் தெரிஞ்சிது. சேஸ்லயே ஒரு தடிச்ச போல்ட்ட நிமித்தி வச்சு அடிச்சிரிந்தான்.

"இது உங்களுக்கு, காக்கா. ஏர்த் கட்ட."

நான் கம்பியக் கட்டிக்கிட்டே, திரும்பிச் சவூதிக்குப் பயணம் எப்ப எண்டு கேட்டன். கேக்கப் பயந்து பயந்துதான் கேட்டன்.

"பயணம் இல்ல" எண்டான். "அண்டைக்கு மாமா உள்ள போய் அவகிட்டச் சொல்லக்குள்ள, அவ என்ன சொன்னா எண்டு இப்பதான் எனக்குச் சொன்னா. 'நல்லதாப் போச்சு வாப்பா. சுப்பர்வைசர் எண்டா அவர் திரும்பிப் போகத்தான் வேணும். வெல்டிங் அடிக்கிற ஆளுக்கு இஞ்சயே வேல கிடக்கே' எண்டாவாம்."

நான் கெசட்டப் போட்டு, சத்தத்தக் கடசி வரைக்கும் கூட்டினன். வளவுக்குள்ள இருந்து என்ட பொஞ்சாதி காதப் பொத்திக்கிட்டு எட்டிப் பாத்தா. சலீம் மச்சான் சிரிச்சாரு. நான் டிக்கிக்குள்ள குனிஞ்சு கறுப்புக் கம்பியில கைய வச்சுப் பாத்தன். வீட்ட வாற வழி ஒடுக்கம் எண்டா அது சுடும். அத்தின பாரம் இழுத்தும், கம்பி பச்சத் தண்ணியாக் குளிர்ந்து கிடந்திச்சு.